எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் ஆகாதா?

"எரிநட்சத்திரம் விழுகிறது, பார்க்காதே!" என்று குழந்தையின் கண்ணைப் பொத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கெங்கவல்லி போன்ற ஊர்களில், வயல்வெளிக்குப் போனால் வானம் தெளிவாகத் தெரியும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத காட்சி அது. அதைத் தடுப்பது சரியல்ல.

நட்சத்திரம் அல்ல, கல்!

விழுவது நட்சத்திரமே அல்ல. வானவெளியில் திரியும் சிறு கல். பல சமயம் மணல் அளவுதான் இருக்கும். பூமியின் காற்றுக்குள் அது வேகமாகப் பாய்கிறது. சூடேறிப் பளிச்சென்று எரிந்துவிடுகிறது.

வால் நட்சத்திரமும் நட்சத்திரம் அல்ல. பனியும் தூசியும் கலந்த கட்டி. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகும். தூசியும் சேர்ந்து வாலாக நீளும். ஹாலி வால் நட்சத்திரம் 1910-ல் வந்தது. 1986-லும் வந்தது. இனி 2061-ல் வரும். வரும் ஆண்டை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அது எப்படி அபசகுனம் ஆகும்?

நம் ஊர்க் கண்டுபிடிப்பு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறு கிரகங்கள் லட்சக்கணக்கில் சுற்றுகின்றன. 1861-ல் சென்னை வான் ஆராய்ச்சிக் கூடத்தில் போக்சன் என்பவர் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 'ஆசியா'. 1988-ல் ஜவ்வாது மலைக் காவலூரில் விஞ்ஞானி ராஜமோகன் மற்றொன்றைக் கண்டார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. வானத்தைப் பார்க்கப் பயந்திருந்தால் இந்தப் பெருமை கிடைத்திருக்குமா?

ஆபத்தே இல்லையா?

உண்டு. ஆனால் மிக அபூர்வம். 2013 பிப்ரவரி 15-ந்தேதி, ரஷியாவில் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் 20 மீட்டர் கல் ஒன்று வானத்திலேயே வெடித்தது. வெளிச்சத்தைக் கண்ட ஜனங்கள் ஜன்னல் ஓரம் போய் நின்றார்கள். மின்னலுக்குப் பின் இடி வருவதுபோல், சிறிது நேரம் கழித்து அதிர்ச்சி வந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேருக்குக் காயம்.

அங்கே ஒரு பள்ளி ஆசிரியை, வெளிச்சத்தைக் கண்டதுமே 44 பிள்ளைகளையும் மேஜைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். அவர் கையைக் கண்ணாடி கிழித்தது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை!

அவர்களைக் காத்தது மூடநம்பிக்கை அல்ல, முன்யோசனை. வெளிச்சம் முதலில், அதிர்ச்சி பிறகு என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 13, 14 தேதிகளில் இரவு எரிநட்சத்திரங்கள் நிறையத் தெரியும். தொலைநோக்கி வேண்டாம், காசும் வேண்டாம். மொட்டை மாடியில் ஒரு பாயை விரித்து, பிள்ளைகளோடு படுத்து எண்ணிப் பாருங்கள்!