கழற்றத் தெரிய வேண்டும்!

"108"க்குப் போன் செய்கிறோம். ஆம்புலன்ஸ் வருகிறது. இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் வண்டி ஓட்டுகிறவர். மற்றவர் முதலுதவி செய்யும் மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் இந்த வண்டிகள் ஓடுகின்றன.

இவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கும். இவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. படுத்திருப்பவருக்கு வந்திருப்பது சாதாரண இருமலா, காசநோயா? கொட்டுகிற ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஆனாலும், அந்தச் சிறிய வண்டிக்குள் பக்கத்திலேயே உட்கார்ந்து போகவேண்டும்.

"அதற்குத்தான் கையுறையும் முகக்கவசமும் இருக்கிறதே!" என்பீர்கள். இருந்தால் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

டல்லாசில் நடந்தது

அமெரிக்காவில் டல்லாஸ் என்று ஒரு நகரம். பணத்துக்குப் பஞ்சம் இல்லாத ஊர். 2014 செப்டம்பர் 28-ந் தேதி அங்கே ஒரு நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அவர் ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவில் இருந்து வந்தவர். என்ன நோய் என்று ஏற்றியவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் அது "எபோலா" என்று தெரிந்தது. ஆளையே கொல்லும் நோய்!

ஆம்புலன்ஸ்காரர்களை 21 நாள் கண்காணித்தார்கள். நல்ல வேளை, அவர்கள் தப்பினார்கள். நோயாளி இறந்துபோனார். அவரைக் கவனித்த இரண்டு நர்சுகளுக்கு நோய் தொற்றிக்கொண்டது. (இருவரும் பிழைத்துவிட்டார்கள்.)

கவச உடை இருந்தும் இப்படி ஆயிற்று! உடனே, அக்டோபரிலேயே, அமெரிக்க அரசாங்கத்தின் நோய்த் தடுப்பு மையம் விதிகளைக் கடுமையாக்கியது. தோல் கொஞ்சம்கூட வெளியே தெரியக்கூடாது. திரும்பத் திரும்பப் பழகித் தேறியவர்தான் நோயாளியிடம் போகலாம். உடையைப் போடும்போதும், கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

சட்டை கழற்றுவதற்கு ஒரு காவலா? சிரிக்காதீர்கள். போடும்போது உடை சுத்தமாக இருக்கிறது. கழற்றும்போது அதன் வெளிப்புறம் முழுவதும் கிருமி இருக்கலாம். ஆபத்து அப்போதுதான்!

கையுறையின் வெளிப்புறத்தை வெறும் கையால் தொடக்கூடாது. உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்கவேண்டும். முகக்கவசத்தை முன்னால் தொடாமல், நாடாவைப் பிடித்துக் கடைசியில் எடுக்கவேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவவேண்டும். கேட்பதற்குச் சுலபம். இரவு 2 மணிக்கு, களைத்துப்போய், அடுத்த அழைப்பு வந்துவிட்ட நேரத்தில் செய்து பாருங்கள்!

சாயம் பூசுங்கள்

ஆகவே, வேலையில் சேரும்போது ஒரு நாள் பாடம் சொன்னால் போதாது. சில மாதங்களுக்கு ஒரு முறை பழக்கவேண்டும். கையுறையில் சாயத்தைப் பூசிவிட்டுக் கழற்றச் சொல்லவேண்டும். விரலில் ஒரு பொட்டு ஒட்டினாலும், மறுபடியும் முதலில் இருந்து!

ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் சொல்லவும் பழக்கவேண்டும். எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "மேலதிகாரி திட்டுவாரே" என்று பயந்து நான்கு நாள் கழித்துச் சொன்னால் என்ன பிரயோசனம்?

இந்தப் பயிற்சிக்குச் செலவாகும்தான். ஆனால், உதவியாளர் கையில் ஒட்டிய கிருமி அடுத்த நோயாளிக்கும் போகும். அவர் வீட்டுக் குழந்தைக்கும் போகும். அதற்கு ஆகும் செலவை யார் கணக்குப் பார்ப்பது?

நமக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் காய்ச்சலோ, இருமலோ, காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரோ இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் கையுறை மாட்டும்போது, "சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்தாதீர்கள்.

வண்டி ஓட்டுகிறவரையும் விட்டுவிடக்கூடாது. நோயாளியைத் தூக்கும்போது அவரும் ஒரு கை கொடுக்கிறார். அந்தக் கையுறையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்கக்கூடாது. அதைக் கழற்றிப் போட்டு, கையைச் சுத்தம் செய்த பிறகே அவர் தன் இடத்தில் ஏறி உட்காரவேண்டும்.