கர்ப்பிணிகளை ஆய்வுக்கு வெளியே நிறுத்தலாமா?



கர்ப்பகால ரத்தக்கொதிப்புக்கு மருந்தாய்வுகள் ஏன் இவ்வளவு குறைவு என்று தங்கள் இதழ் எழுப்பிய கேள்வி மிகச் சரியானது. தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் குறைபாடுகளுடன் பிறந்த கொடுமைக்குப் பின் ஆய்வாளர்கள் கர்ப்பிணிகளைத் தொடவே தயங்கினார்கள். 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பிள்ளைபெறும் வயதுப் பெண்களையே தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது.

என் மகளுக்கு ஏழாம் மாதத்தில் பிரஷர் எகிறியபோது வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றே: “மாத்திரை பிள்ளையை ஒண்ணும் பண்ணிடாதே?”

நியாயமான அச்சம்தான். ரத்த அழுத்தத்தை அதிகம் இறக்கினால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறையுமோ என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. நாள்பட்ட லேசான அழுத்தமுள்ள 2,408 அமெரிக்கக் கர்ப்பிணிகளிடம் நடந்த ‘சாப்’ ஆய்வு 2022இல்தான் தெளிவு தந்தது: 140/90க்குக் கீழே வைத்தபோது தாய்க்கும் சேய்க்கும் பலன் கிடைத்தது, வளர்ச்சி குன்றிய குழந்தைகள் கூடவில்லை.

நாக்பூர் நமக்கு இன்னும் நெருங்கிய சான்று. அங்கே இரண்டு அரசு மருத்துவமனைகளில், கடும் அழுத்தத்தோடு வந்த 894 பெண்களிடம் நிஃபெடிபின், லெபெட்டலால், மெத்தில்டோபா என்ற மூன்று மலிவான மருந்துகளை ஒப்பிட்டார்கள். மூன்றையுமே வாய்வழியே கொடுத்துப் பயன்பெறலாம் என்று 2019இல் முடிவு வெளியானது. ஆனால் அந்த நெருக்கடியில் ஆய்வுக்குச் சம்மதம் பெறுவது லேசான காரியமல்ல.

பிறந்த குழந்தைகளைப் பள்ளி வயதுவரை தொடர்ந்து கவனிப்பது இன்னொரு சிக்கல். இதற்குத் தமிழகத்தில் ஒரு வழி உண்டு: கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் தரப்படுகிறது. தாயின் சம்மதத்துடன், எந்த மருந்து கொடுக்கப்பட்டது, குழந்தை எப்படி வளர்கிறது என்பதை அதோடு இணைத்துப் பதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்