எசப்பாட்டுக்கு ஆள் வேண்டும்

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் ஒரு தெருவில் எண்பதைத் தாண்டிய ஆயா ஒருவர் இருக்கிறார். இந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலத்தில் நடவுக்குப் போனவர். அக்கம்பக்கத்தில் சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும். சென்ற மாதம் அவர் பாட்டைப் பதிந்து வைக்கலாம் என்று கைபேசியோடு போயிருந்தோம். திண்ணையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு அடி பாடினார், நின்றுவிட்டார். மறுபடி எடுத்தார், அதே இடத்தில் நின்றார். வயதாகிவிட்டது, மறந்திருக்கும் என்று நினைத்து, “பரவால்ல ஆயா, தெரிஞ்ச வரைக்கும் பாடுங்க” என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“மறந்துல்லாம் போவல நைனா. எதுக்க ஆளு இல்லாம எப்டிப் பாடறது? அவ ஒரு அடி போட்டாத்தான் எனக்கு அடுத்த அடி வரும். அவ போயி நாலு வருசம் ஆவுது.”

அன்றைக்குப் பதிவு எதுவும் இல்லாமல் திரும்பினோம். ஏரிக்கரை நடைபாதையில் மாலை நேரத்துக் கூட்டம். படகுத்துறையில் பிள்ளைகளின் சத்தம். ஆயா சொன்னதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை. இத்தனை வருடமாக நாட்டுப்புறப் பாட்டைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம், பேசுகிறோம். அது தனி ஆளின் பாட்டு இல்லை என்ற எளிய உண்மையைத் திண்ணையில் வைத்து ஒரு பெரியம்மா சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் நம் பாட்டில் பெரும்பகுதி எதிரே ஆள் வைத்துப் பாடியது. நடவில் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், வரிசை வாங்கிப் பாடும். தெம்மாங்கில் அவன் ஒன்று கேட்பான், அவள் எசப்பாட்டில் திருப்பி அடிப்பாள். லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று இன்னொரு கட்சி, விடிய விடிய டேப் அடித்துக்கொண்டு பாட்டிலேயே வழக்காடுவார்கள். கூத்தில் வேஷக்காரர் பாடி முடித்த அடியைப் பின்பாட்டுக்காரர் தாங்கிப் பிடிக்காவிட்டால் மேடை சரிந்துவிடும். கானாவிலும் போட்டிக்கு இறங்கினால்தான் பாடகனின் சரக்கு தெரியும். ஒப்பாரியைச் சொல்லவே வேண்டாம். சாவு வீட்டுக்குள் நுழையும் பெண், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறாள். தோளோடு தோள், தலையோடு தலை. ஒருத்தி மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருத்தி எடுக்கிறாள். கட்டி அழ ஓர் ஆள் வேண்டும் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது பேச்சு வழக்காக மாறிய பாட்டு முறை.

மேடை நாடகத்திலும் இதற்குப் பெரிய சாட்சி உண்டு. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தைக் கேட்கவே ஜனம் கூடிய காலத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நின்றார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. அதற்குப் பிறகு எந்த ஆண் நடிகரோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் உறுதி எடுத்துக்கொண்டார். அவர் அதன்பின் பல பத்தாண்டுகள் பாடினார், புகழோடு பாடினார். ஆனால் அந்த எதிர்க்குரல் இருந்த இடத்தில் வேறு குரலை அவர் வைக்கவில்லை. நம் பருத்திப்பட்டு ஆயா பாதியில் நின்றதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறோம்.

எதிர்க்குரலைத் தேடுவது நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் உழைக்கும் ஜனங்களின் இரண்டு பாட்டு மரபுகள் உண்டு. கறுப்பின மக்களின் ப்ளூஸ் ஒன்று, வெள்ளைக்கார ஏழை விவசாயிகளிடமிருந்து வந்த கன்ட்ரி இன்னொன்று. நிறத்தால் கடைத்தெருவில் பிரித்து விற்கப்பட்டவை இவை. ஆனால் பாடகர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தார்கள். கன்ட்ரி பாட்டின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930இல் பதிந்த ஓர் இசைத்தட்டில் எக்காளம் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1962இல் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளை எடுத்துத் தன் பாணியில் ஒரு முழு இசைத்தட்டே பாடினார். ஏழு வயதில் பார்வையை இழந்த கறுப்பினப் பாடகர் அவர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிறத்தீண்டாமை சட்டமாகவே இருந்த வருடம் அது.

அந்த ரே சார்ல்ஸ் தன் எழுபத்து மூன்றாவது வயதில், உடல் தளர்ந்துகொண்டிருந்தபோது, கடைசியாகச் செய்த வேலை ஜோடிப் பாட்டுகள். பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டு துணைக்குரல். ப்ளூஸுக்கு பி.பி. கிங் வந்தார், கன்ட்ரியிலிருந்து வில்லி நெல்சன் வந்தார், இளையவர்களில் நம் ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸ் வந்தார். 2004 ஜூன் 10 அன்று ரே சார்ல்ஸ் இறந்தார். ஆகஸ்ட் கடைசி நாளில் இசைத்தட்டு வெளியானது. அடுத்த ஆண்டு எட்டு கிராமி விருதுகள் அதற்குக் கிடைத்தன. விருதை விடுங்கள். பழைய பாட்டை ஒரு கிழவர் தனியாகப் பாடி வைத்திருந்தால் அது நினைவுச் சின்னமாகியிருக்கும். எதிரே இருந்த குரலுக்காக அவர் சில இடங்களில் விட்டுக் கொடுக்கிறார், சில இடங்களில் முந்திக்கொள்கிறார். அந்தக் குரலில் களைப்பு தெரிகிறது. அந்தக் களைப்பைத் துணைக்குரல் தாங்கிக்கொள்வதும் தெரிகிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? நாம் பாட்டைத் தொகுத்தோம், அதில் குறையில்லை. சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர் 1871இலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் புத்தகமாக்கினார். பெர்சி மக்வீன் சேகரித்து வைத்தவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் தஞ்சை சரசுவதி மகால் ‘மலையருவி’யாக வெளியிட்டது. நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ கொண்டுவந்தார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் காகிதத்தில் ஏறியது சொல் மட்டும். எங்கே மூச்சு வாங்கினார்கள், எந்த அடியை யார் எடுத்தார், இரண்டு குரலும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது என்பதெல்லாம் பாடியவர்களோடு போய்விட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1928லேயே நாட்டுப் பாட்டுக்கென்று தனிக் காப்பகம் வைத்தது. அதற்காக ஆலன் லோமாக்ஸ் 1941இல் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக்கே போய் மட்டி வாட்டர்ஸ் என்ற டிராக்டர் ஓட்டும் இளைஞரைப் பதிவு செய்தார். பெயரிலேயே பருத்தியை வைத்திருக்கும் நம் ஊருக்கு அப்படி ஒருவர் வரவில்லை.

வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லாமல் விடக் கூடாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், தன் கணவரோடு ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பாட்டுகளை இருவருமாக மேடையில் பாடினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ தந்தார்கள். புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும் கேசட் காலத்தில் வீடு வீடாக அந்த இரட்டைக் குரலைக் கொண்டு சேர்த்தார்கள். கே.ஏ. குணசேகரன் தலித் மக்களின் பாட்டை வெட்கப்படாமல், தலைநிமிர்ந்து பாடக் கற்றுக்கொடுத்தார். அவர் குழுவில் வளர்ந்த சின்னப்பொண்ணு, 2011இல் கைலாஷ் கேருடன் சேர்ந்து எம்.டி.வி. கோக் ஸ்டுடியோவில் பாடியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மொழி புரியாத இரண்டு பேர்கூட எசப்பாட்டில் பேசிக்கொள்ள முடியும் என்பது. குணசேகரன் 2016இல் போய்விட்டார். பரவை முனியம்மா 2020இல். ‘ஆண் பாவம்’ படத்தில் நாம் பார்த்த கொல்லங்குடி கருப்பாயி 2025 ஜூனில். முனியம்மாவையும் கருப்பாயியையும் சினிமா பயன்படுத்திக்கொண்டது. இவர்களை எதிரெதிரே உட்கார வைத்து, ஒரு ராத்திரி முழுக்கப் பாடவிட்டுப் பதிந்திருந்தால் அது எப்பேர்ப்பட்ட செல்வமாக இருந்திருக்கும்!

சினிமாவிலேயே அந்த வழக்கம் போய்விட்டது. 1950களிலும் 60களிலும் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் ஒரே கூடத்தில், வாத்தியக்காரர்கள் சூழ, சேர்ந்து நின்று பாடினார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைக்குப் பாடகர் சென்னையிலும் பாடகி மும்பையிலும் தனித்தனியே பாடுகிறார்கள், கணினி அவர்களைச் சேர்த்து வைக்கிறது. சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்து அடுத்த அடியை மாற்றிப் போடும் துணிச்சல் அதில் வராது.

ஆவடி வழியாகத்தான் அரக்கோணம் ரயில் போகிறது. அந்த அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டு வளர்ந்தவற்றை வைத்து, தீ என்ற பாடகியோடு சேர்ந்து 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடினார். ஒப்பாரியின் தொனியை உலகமே கேட்டது. கூடவே, இந்தப் பாட்டு யாருடையது என்ற மனவருத்தமும் ஊரறிய வந்தது. அதில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. படித்த, பெயர் பெற்ற ஓர் இளைஞருக்கே இந்தக் கேள்வி எழுகிறது என்றால், கைபேசிக்காரர் யாரோ பதிந்து யூட்யூபில் போட்டுவிட்டுப் போகும் நம் ஊர்ப் பெண்களின் கதி என்ன? சட்டம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. பாட்டு ஊர்ச் சொத்தாகவே இருந்தாலும் பாடிய குரலின் மீது பாடியவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் 2012 திருத்தத்தில் வந்துவிட்டது. சினிமாப் பாடகர்கள் 2013இல் சங்கம் கட்டி அந்த உரிமைக்குப் பணம் வாங்குகிறார்கள். ஒப்பாரிக்காரிக்கோ கானாப் பாடகருக்கோ இப்படி ஓர் உரிமை இருப்பதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லாததில் சாதியும் இருக்கிறது. சாவு வீட்டில் பாடுகிறவரைப் பாடகர் என்று ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு வேலையைத் தொடங்குகிறோம். தனிக் குரலைப் பதிவதை நிறுத்துகிறோம். இனி இருவர் இருவராக, எதிரெதிரே உட்கார வைத்து, அவர்களாக நிறுத்தும் வரை நிறுத்தாமல் பதிவோம். நடுவில் வரும் வெற்றிலை இடிக்கும் சத்தத்தையும் சண்டையையும் வெட்ட மாட்டோம். இருவர் பெயரும் ஊரும் நாளும் அவர்கள் சொன்னபடியே எழுதப்படும். அவர்கள் சம்மதமில்லாமல் எதுவும் வெளியே போகாது.

முதல் வேலையாக அந்த ஆயாவுக்கு எசப்பாட்டுப் பாட ஆள் தேடுகிறோம். திருநின்றவூர், வெள்ளவேடு, திருமழிசை, பூந்தமல்லிப் பக்கம் நடவுப் பாட்டோ ஒப்பாரியோ தெரிந்த மூதாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த வீட்டில் இருந்தாலும் சரி, எங்களுக்குச் சொல்லுங்கள். பருத்திப்பட்டுக்கு அவரை அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஆட்டோ எங்கள் பொறுப்பு.