நகர்மன்ற வேட்பாளரிடம் கேட்கப்படாத கேள்வி

மகாராஷ்டிரத்தின் நகர்மன்றங்களுக்கும் நகர் பஞ்சாயத்துகளுக்குமான தேர்தல் நெடுங்காலத் தாமதத்துக்குப் பின் 2025 டிசம்பரில் நடந்தேறியது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் பெரும்பாலானவற்றின் ஐந்தாண்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு மும்முனைச் சோதனை தேவை என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத் திருத்தங்கள், வார்டு மறுவரையறைகள், வழக்குகள் ஆகியவற்றுக்கிடையே தேர்தல் தள்ளிப்போனது; 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அரசு அசைந்தது. மன்றத்தின் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்துவிட வேண்டும் என்பது அரசமைப்பின் 243உ பிரிவு. அந்தப் பிரிவு ஏறத்தாழ நான்காண்டுகள் ஏட்டளவில் கிடந்தது. நகரங்களை அரசு நியமித்த நிர்வாக அலுவலர்கள் ஆண்டனர்.

இதில் கவலைக்குரியது, அந்த நான்காண்டுகளும் பெரிய கலக்கமின்றிக் கடந்துபோனதுதான். குப்பை வண்டி வந்தது, குழாயில் நீர் வந்தது, சில தெருக்களுக்குச் சிமென்ட் சாலையும் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோர் இல்லாமலே ஒரு சிறு நகரம் நடக்குமெனில், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எதற்கு? வாக்குக் கேட்டு வந்தவர்கள் விடையளித்திருக்க வேண்டிய முதற்கேள்வி இது. கேட்டவர்களும் குறைவு, விடை சொன்னவர்களும் குறைவு.

இந்தியாவின் எந்த மாநிலமாயினும் சிறு நகரத் தேர்தலின் துண்டறிக்கைகள் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். உயர்கோபுர மின்விளக்கு, நுழைவு வளைவு, பூங்கா, சிலை, சமுதாயக் கூடம், தினந்தோறும் குடிநீர். இவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நகர்மன்றத்தின் சொந்த வருவாயில் நடப்பவை அல்ல. மாநிலத் திட்டம், ஒன்றியத் திட்டம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி எனப் பணம் வேறெங்கிருந்தோ வருகிறது. ஆகவே வேட்பாளரின் உண்மையான வாக்குறுதி திட்டம் அன்று, உறவு: மேலே ஆள்வோருடன் தமக்குள்ள நெருக்கம். மேலிடத்தில் எந்தக் கட்சியோ அதே கட்சி கீழேயும் இருந்தால்தான் நிதி இறங்கும் என்று வெளிப்படையாகவே பேசப்படுகிறது. கூட்டாட்சி பற்றி நூல்கள் எழுதுவோர் இப்பேச்சைக் கேட்டு முகம் சுளிப்பர். ஆனால் வாக்காளர் அறியாமையால் இதற்குச் செவிசாய்க்கிறார் என்று கொள்வது தவறு. அவருடைய கணக்கு சரியான கணக்கு.

ஏனெனில் நிதி அமைப்பே அவ்வாறு உள்ளது. 1992ஆம் ஆண்டின் 74ஆம் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது; அவற்றை நகரங்களிடம் ஒப்படைப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. மகாராஷ்டிரத்தின் நகர்மன்றங்களுக்கு நெடுங்காலம் சோறிட்டது ஆக்ட்ராய் என்னும் நுழைவு வரி. 1999இல் நகர்மன்றங்களில் அது நீக்கப்பட்டது. ஈடாக மாநில அரசு மானியம் தரத் தொடங்கியது. சுங்கச் சாவடியில் நின்று பணம் வாங்கிய ஊர், மாநிலத் தலைநகரின் ஆணைக்குக் காத்திருக்கும் ஊராயிற்று. வணிகருக்கும் சரக்கு வண்டி ஓட்டுநருக்கும் அந்த வரி பெருந்தொல்லை என்பது உண்மை. நீக்கியது பிழையென்று வாதிட வேண்டியதில்லை. இழந்ததற்கு நிகரான சொந்த வருவாய் எதுவும் கட்டியெழுப்பப்படவில்லை என்பதே குறை. நிர்வாகத்தின் தலையாக இருக்கும் முதன்மை அலுவலரும் மாநிலம் அனுப்புபவரே. ஊர் தேர்ந்தெடுத்தவருக்கு அவரை நியமிக்கவோ மாற்றவோ அதிகாரமில்லை.

இவ்வளவும் போக மன்றத்தின் கையில் எஞ்சுவது என்ன? சொத்து வரி, தூய்மைப் பணி, ஒப்பந்தங்கள், கட்டட அனுமதி, சந்தை. பார்க்கச் சிறியவை. ஆனால் ஒரு நகரத்தின் உடல்நலமும் சில மனிதரின் உயிரும் இவற்றில்தான் தொங்குகின்றன. ஒன்றை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்: செப்டிக் டேங்க்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புற வீடுகளில் குழாய்வழிச் சாக்கடையுடன் இணைந்த கழிப்பறை உள்ளவை ஏறத்தாழ 33 விழுக்காடு. செப்டிக் டேங்குடன் இணைந்தவை 38 விழுக்காடு. பெருநகரங்களைக் கழித்துவிட்டால் சாக்கடையின் பங்கு இன்னும் சுருங்கும். அதன் பின் தூய்மை இந்தியா இயக்கம் கட்டிய கழிப்பறைகளும் சேர்ந்தன. சிறு நகரத்தின் கழிவுக் கதை, ஆகவே, தரைக்கடியில் இருக்கும் தொட்டியின் கதை. தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கசடு மேலேறிக் கழிவுநீரோடு கலந்து திறந்த வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் ஆற்றுக்குப் போகும். நடப்பில், நிரம்பி வழியும்போதுதான் வீட்டார் தனியார் லாரியை அழைக்கிறார்கள். லாரி அதை எங்கே கொட்டுகிறது என்று எவரும் கேட்பதில்லை. லாரிக் குழாய் எட்டாத சந்துகளில் மனிதர் இறக்கப்படுகின்றனர்.

சாத்தாரா மாவட்டத்தில், பஞ்ச்கனிக்கும் மகாபலேஷ்வருக்கும் மலையேறும் வழியில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருப்பது வாயி. 2011இல் அதன் மக்கள்தொகை 36 ஆயிரம் அளவு. படித்துறைகளுக்கும் டோல்யா கணபதி கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊர். மராத்திக் கலைக்களஞ்சியமான விசுவகோசம் உருவான இடமும் இதுவே. இந்த ஊர் நகர்மன்றமும் நாசிக் மாவட்டத்தின் சின்னர் நகர்மன்றமும் 2018 முதல் வேறொரு வழியை மேற்கொண்டன. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் தொழில்நுட்பத் துணை தந்தது. முறை எளிது. வீட்டார் அழைக்கும்வரை காத்திராமல், நகரைப் பகுதிகளாகப் பிரித்து, மூன்றாண்டுச் சுழற்சியில் ஒவ்வொரு தொட்டியையும் முறைவைத்துக் காலி செய்வது. பணி தனியார் ஒப்பந்ததாரருடையது. அளவிட்ட பணிக்கேற்ற ஊதியம். லாரி வரும் நாளில் வீட்டாரிடம் பணம் கேட்பதில்லை. செலவு வரி வழியாகத் திரட்டப்படுகிறது. கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது.

இதில் அரிய தொழில்நுட்பம் ஏதுமில்லை. அரியது, மன்றம் எடுக்க வேண்டியிருந்த முடிவு. காலி செய்யும் செலவை எல்லார் மீதும் வரியாகப் பரப்புவதா, தேவைப்படுபவரே கொடுக்கட்டும் என விடுவதா என்பது பொறியாளர் தீர்க்கும் கேள்வியன்று. முழுமையான அரசியல் கேள்வி. தனியே பணம் கொடுக்க வேண்டுமெனில் ஏழை வீடு தள்ளிப்போடும். அதன் கழிவு பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் எல்லாருடைய ஆற்றுக்கும் போகும். தொட்டி தனிச் சொத்து, கசடு பொதுச் சுமை என்று ஒரு மன்றம் வாய்விட்டுச் சொல்வதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தேவை. நிர்வாக அலுவலர் ஒருவர் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து நடத்திவிடலாம். புதிய வரியை ஊரார் முன் நியாயப்படுத்தும் தகுதி அவருக்கு இல்லை. முன்பு எழுப்பிய கேள்விக்கு ஓரளவு விடை இங்கே இருக்கிறது.

உயிர் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. 2013ஆம் ஆண்டின் சட்டம், செப்டிக் டேங்கின் அபாயகரமான துப்புரவுக்கு எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்துவதைத் தடுக்கிறது; தனிமனிதரோடு உள்ளாட்சி அமைப்பையும் அது பெயர்சொல்லியே கட்டுப்படுத்துகிறது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்கிறது, மரணமும் தொடர்கிறது. இறப்பவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. முறைவைத்துக் காலி செய்யும் ஊரில் தொட்டி இறுகிப்போவது குறைகிறது. இறுகாத தொட்டிக்குள் இறங்க வேண்டிய தேவையும் குறைகிறது. சாதியொழிப்பை மேடையில் முழங்கும் வேட்பாளர் எவரும், என் வார்டில் எத்தனை தொட்டிகள், கடைசியாக எப்போது திறக்கப்பட்டன என்ற பட்டியலோடு வருவதில்லை. அந்தப் பட்டியல் முழக்கத்தைக் காட்டிலும் அதிகம் செய்யும்.

வரியைப் பேசினால் வாக்கு போய்விடும் என்பது வழக்கமான மறுப்பு. மறுப்பில் உண்மை உண்டு. வரி உயர்வை நிறுத்துவோம் என்பதே பல ஊர்களில் எல்லாக் கட்சியினரும் ஒன்றுபடும் ஒரே வாக்குறுதி. பெங்களூரும் ஜெய்ப்பூரும் திரட்டக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 விழுக்காட்டுக்கு மேல் திரட்டுவதில்லை என்று 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மதிப்பிட்டது. பெருநகரங்களின் நிலையே அதுவெனில் மதிப்பீட்டுப் பணியாளர்கள் போதாத சிறு நகரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்தாம் நிதி ஆணையம் சொத்து வரிக்கு அடிப்படை விகிதம் அறிவிப்பதையும் வசூல் வளர்ச்சியையும் நகர மானியத்துக்கு நிபந்தனையாக்கியது. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் தூய்மைக்கும் என்றே கட்டிவைத்தது. அதாவது, வரி பேசாத வேட்பாளர் தம் ஊரின் மானியத்தையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். எனினும் நிபந்தனையால் மட்டும் வரி உயர்ந்தால் அது மேலிருந்து வந்த கட்டளையாகவே ஊருக்குத் தோன்றும். கொடுத்த வரிக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வாசலில் லாரி வந்து நிற்கிறது என்பதை மக்கள் காணும்போது பேச்சு மாறுகிறது. வாயியும் சின்னரும் தரும் பாடத்தில் இதுவே கூடுதல் பயனுள்ளது. தொழில்நுட்பக் கருத்தரங்குகளில் இது அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுவது வருத்தத்துக்குரியது.

பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டமே குழப்பிவிடுவதையும் சொல்லியாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் நகராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை 2016இல் வந்தது, 2020இல் நீங்கியது, 2022இல் மீண்டும் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் அப்போது ஆண்டவர்களின் வசதிக்கேற்ப நிகழ்ந்தது. ஒரு வார்டுக்கு இரு உறுப்பினர் என்னும் ஏற்பாடும் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் காட்டித் தப்பிக்க இதைவிட நல்ல வழி அமையாது. இடங்களில் பாதி பெண்களுக்கு உரியவை. அவர்களின் கணவர்மார் கூட்டத்துக்கு வருவது பற்றிய நகைச்சுவை நாடெங்கும் உண்டு. ஆனால் தொட்டி வழிவதன் துன்பத்தை வீட்டில் முதலில் அனுபவிப்பவரும், லாரிக்காரரிடம் பேசுபவரும் பெரும்பாலும் பெண்ணே. நகர்மன்றத்தின் உண்மையான பணி எது என்று வரையறுத்தால், அதில் அனுபவம் மிக்க வேட்பாளர் யாரென்ற விடையும் மாறும்.

ஆய்வுலகின் பங்கும் இதில் உண்டு. 2011இல் இந்திய நகர்ப்புற மக்கள் 37.7 கோடி. அவர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட 468 நகரங்களில் வாழ்ந்தோர் 26.5 கோடி, எஞ்சிய 11 கோடிக்கும் மேற்பட்டோர் சிறு நகரங்களில். நகராய்வு என்ற பெயரில் எழுதப்படுவதில் பெரும்பங்கு மும்பை, தில்லி, பெங்களூரைப் பற்றியது. சிறு நகரங்களின் வரவுசெலவுத் திட்டங்களும் மன்றத் தீர்மானப் பதிவேடுகளும் பொது ஆவணங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு கேளாமலே வெளியிடப் பணிக்கும் வகையைச் சேர்ந்தவை பல. மராத்தியிலோ கன்னடத்திலோ ஒடியாவிலோ இருக்கும் அப்பதிவேடுகளைப் படிக்க மொழி வேண்டும், பொறுமை வேண்டும், அலுவலக எழுத்தரின் நட்பும் சிறிது வேண்டும். ஒரு மாவட்டத்தின் நான்கு நகர்மன்றங்களில் ஐந்தாண்டுக் காலத்தில் கழிவு பற்றி எத்தனை தீர்மானங்கள் வந்தன, வளைவுகளுக்கும் சிலைகளுக்கும் எத்தனை வந்தன, அவற்றை முன்மொழிந்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று எண்ணினாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய பொருள் கிடைக்கும். அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்குமானால், வேட்பாளரின் துண்டறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஊராருக்கும் அந்த எண்ணிக்கை கையில் இருக்கும்.