முதலில் வேண்டுவது பொறியன்று

களுவாஞ்சிக்குடிக்கு மேற்கே வாவி. வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். நெற்பயிர் வரட்சியையோ உவரையோ எதிர்கொள்ளும்போது அதன் பரம்பரையலகுகளுள் எவை செயற்படுகின்றன, எவை அடங்குகின்றன என்பதை ஒருங்கே அளக்க வல்லது மைக்ரோஅரே எனும் நுண்சில்லு முறை. அவ்வாய்வுக்கு முதலில் விலையுயர்ந்த வருடிப்பொறியே வேண்டும் என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது.

1995இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் இம்முறையை வெளியிட்டபோது அளந்தவை 45 பரம்பரையலகுகளே. கேள்வி தெளிவாயிருந்தமையால் அதுவே போதுமாயிற்று. 2012இல் ரோச் கம்பனி தனது நிம்பிள்ஜென் சில்லு வணிகத்தைக் கைவிட முடிவு செய்தது. சில்லு நின்றபின் அதற்கென வாங்கிய பொறியால் யாது பயன்? 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சுழியத்துக்குக் கீழ் 80 பாகையில் காக்கப்படவேண்டிய ஆர்.என்.ஏ. மாதிரிகள் சிதைந்தபின் வருடி எதனைப் படிக்கும்?

ஆகவே முதற்செலவு உறைபெட்டிக்கும் மின்பிறப்பாக்கிக்கும் பயிற்சிபெற்ற கைகளுக்கும் உரியது. சில்லு வாசிப்பைக் கட்டணச் சேவையாகப் பெறலாம். அது பிறரிடம் கையேந்துவதாகாதோ எனின், ஆகாது. மூலத்தரவு முழுவதும் கையளிக்கப்படும் என்பதை முன்னரே எழுத்திற் பெற்றுக்கொண்டால், ஆய்வு அதனைச் செய்தவர்க்கே உரியது. திறப்புவிழாவிற் பொறி பொலியும்; பயிரை வாட்டும் உவர் அதனால் தீராது.