'எங்கள்' என்று செபிக்கிற நாங்கள்

தவக்காலம் தொடங்கினால் எங்கட பங்குகளில் ஒரு பிரசங்கம் கட்டாயம் இருக்கும். இளம் பிள்ளைகள் செபிக்கிறதில்லை, கோயிலுக்கு வந்தாலும் வேப்பமரத்துக்குக் கீழ நிண்டு ஃபோன் நோண்டுகினம், முந்தியெல்லாம் பின்னேரம் வீட்டுக்கு வீடு செபமாலைச் சத்தம் கேட்கும், இப்ப நாடகச் சத்தம்தான் கேட்குது. (நாடகம் பார்க்கிறது நாங்கள் இல்லை, பெரியாக்கள்தான். அது பிரசங்கத்தில் வராது.) இதற்கு எங்களிடமும் ஒரு தயார்ப் பதில் இருக்கிறது: "நாங்கள் தனியச் செபிக்கிறம். கடவுளோட கதைக்க மைக் எதுக்கு?"

இந்த இரண்டையும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் வருகிறோம். போன கார்த்திகையில் நடந்த ஒரு சின்ன விசயத்துக்குப் பிறகு, இரண்டுமே போதாது என்று படுகிறது.

நவம்பர் 2 ஆத்துமாக்கள் திருநாள். அதற்கு இரண்டு கிழமைக்கு முதலே, பூசை ஒப்புக்கொடுக்கிறவர்களின் பெயர்களைச் சேர்க்கிற வேலை இளைஞர் மன்றத்தின் தலையில் விழும். மேசையில் இரண்டு பெட்டி. ஒன்று இறந்தவர்களுக்கு. மற்றது சுகம், சோதனை, வெளிநாட்டுப் பயணம், நன்றி என்று மிச்சம் எல்லாத்துக்கும். ஓர் அன்ரி ஒரு என்வலப்பைத் தந்தா. மேலே ஒரு பெயர் மட்டும் எழுதியிருந்தது. இறந்தவர்களின் பெட்டிக்குள் போடப் போன கையைப் பிடித்தா.

"அதுக்குள்ள போடாதேங்கோ தம்பி. அவன் சாகேல்லை."

"அப்ப சுகத்துக்கு எண்டு போடட்டோ அன்ரி?"

"அவனுக்குச் சுகமில்லை எண்டு ஆர் சொன்னது?"

2009 வைகாசியில் வட்டுவாகலில் அவ தானே கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்த மகன். என்வலப்பைத் திருப்பி வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாங்கில் போய் இருந்து செபமாலையை எடுத்தா. நாங்கள் பிறகு ஃபாதரிடம் கேட்டோம். அவர் மழுப்பவில்லை. "எந்தப் பெட்டி எண்டு எனக்கும் தெரியேல்லை" என்றார்.

அரசாங்கம்கூட 2016 இல் மரணப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, இறப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்று ஒன்றை உண்டாக்க வேண்டி வந்தது. அந்தக் காகிதம் நிறையத் தாய்மாருக்கு வேண்டாம். அவைக்கு வேண்டியது பதில்தான். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் அதற்குச் சாட்சி. ஆனாலும், இருக்கிறவருக்கும் இறந்தவருக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு என்பது கச்சேரிக்கே விளங்கியிருக்கிறது. எங்கட மேசைக்கு விளங்கவில்லை.

மலைப்பிரசங்கத்தில் இயேசு, செபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்கிறார். தனியச் செபிக்கிறவர்கள் எல்லாருக்கும் பிடித்த இடம் அது, எங்களுக்கும்தான். ஆனால் அதற்குக் கொஞ்சம் தள்ளி அவர் சொல்லிக்கொடுக்கிற செபத்தைப் பாருங்கள். நான், எனது, எனக்கு என்ற சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் எங்கள், எங்களுக்கு. கதவைச் சாத்திப்போட்டுத் தனிய இருக்கிறவர் 'எங்கள்' என்கிறார். ஆர் ஆரைச் சேர்த்து?

தமிழில் கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். செபத்தைக் கேட்கிறவர் கடவுள், ஆகவே 'எங்கள்' என்பது சரிதான். இலக்கணத்தின் வேலை அதோடு முடிகிறது. மனிதரில் ஆரை உள்ளே எடுக்கிறது, ஆரை வெளியில் நிற்பாட்டுகிறது என்பது எங்கட பாடு. யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி புதிசும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோயில் ஏன், சேமக்காலையில் ஆருக்குப் பக்கத்தில் ஆர் என்று கேட்டுப் பாருங்கள், பெரியாக்கள் கதையை மாத்துவினம்.

செபம் என்றால் கோயிலில் கூடுவது என்று எங்களுக்குச் சொல்கிறவர்கள், எங்கட ஊர்ச் சரித்திரத்தையே மறந்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை, குருக்களுக்கு இடமில்லை. யோசேவ் வாஸ் அடிகள் 1687 இல் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து சேரும்போது கிட்டத்தட்ட முப்பது வருசம் போய்விட்டது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாராம். அதைக் கண்டு ஆருடைய முகம் மாறுது என்று பார்ப்பாராம். சில்லாலையில் தங்கியிருந்து இரவிலே பூசை வைத்தார். 1689 நத்தார் இரவில் கூடியிருந்த சனத்தை ஒல்லாந்தர் வந்து வளைத்தார்கள். 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கியபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். புனிதரின் படம் வைத்த அட்டை ஆளுக்கொன்று கிடைத்தது.

எங்களை இப்போது பிடித்து வைத்திருப்பது அவர் வருவதற்கு முந்திய அந்த முப்பது வருசம். குருவும் இல்லை, பூசையும் இல்லை, கூடவும் ஏலாது. அப்படியிருந்தும் செபமாலையைக் கண்டவுடன் மாறுகிற முகம் இருந்திருக்கிறது. ஆரோ வீட்டுக்குள் மெல்லிய குரலில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கினம். கதவைச் சாத்திப்போட்டுச் சொன்ன செபம் அது, ஆனால் பக்கத்து ஒழுங்கையிலும் இதே சொல்லை ஆரோ சொல்லுகினம் என்ற நம்பிக்கையில் சொன்ன செபம். தனிச் செபமா கூட்டுச் செபமா என்று பட்டிமன்றம் வைக்கிற எங்களுக்கு, அவர்களுடையதை எந்தப் பக்கத்தில் வைக்கிறது என்று தெரியவில்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மம்மா சொல்லுற பங்கர்க் கதையும் இந்த இனம்தான். பொம்பர் சத்தம் கேட்டால் எல்லாரும் பதுங்குகுழிக்குள். அம்மம்மா செபமாலையைத் தொடங்குவா, பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பமும் மறுமொழி சொல்லும். கேட்டுக் கேட்டே பாடமாகிவிட்டதாம். அவை தேவாரம் பாடினால் இவவும் இருப்பா. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்தது. 1995 யூலை 9 இல் நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் தஞ்சம் இருந்த சனம் செத்தது. கோயில் காப்பாற்றும் என்று நம்பி ஓடினவர்கள். "குண்டு விழேக்க ஆர் என்ன ஆள் எண்டு கேக்க நேரம் இல்லைப் பிள்ளை" என்பா அம்மம்மா. கொஞ்சம் பொறுத்து, "வெளியில வந்தாப் பிறகு கேட்டவைதான்" என்றும் சொல்லுவா. அந்த இரண்டாவது வசனத்துக்காகவே அவவை எங்களுக்குப் பிடிக்கும்.

ஆகவே, ஆன்மிக வளர்ச்சி என்று கருத்தமர்வுகளில் சொல்கிறார்களே, அதை எத்தனை மணித்தியாலம் செபித்தோம், எத்தனை பேர் அழுதார்கள் என்று அளக்கிறதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. 'எங்கள்' என்று சொல்லும்போது உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். அது கூடுதா, குறையுதா என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இதை எண்ணிப் பார்க்க மௌனம் வேண்டும். எங்கட தலைமுறைக்குத் தோலகட்டி என்றால் நெல்லிகிறஷ் போத்தல்தான் ஞாபகம் வரும். அதைச் செய்கிற செபமாலைத் தாசர் சபையை 1928 இல் தோமஸ் அடிகள் தொடங்கியது செபத்துக்காகவே. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிப்பது அவர்களின் வேலை இல்லை. மௌனம், செபம், கை உழைப்பு, அவ்வளவுதான். யுத்தம் அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அவர்களை யோசித்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டு விறாந்தையில் இருபது நிமிசம் கதைக்காமல் இருந்து பார்த்தோம். முதல் பத்து நிமிசம் எங்கட லிஸ்ட் ஓடியது: சோதனை, வேலை, அண்ணாவின் விசா, மனதில் இருக்கிற ஆள். பிறகு லிஸ்ட் முடிந்துவிட்டது. இவ்வளவு கெதியாய் முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மிச்ச நேரம் ஆரோ எல்லாம் வரத் தொடங்கினார்கள். மூன்று பேருக்கு அந்த என்வலப் வந்தது. ஒருத்தருக்கு நித்திரை வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களில் ஒருத்தி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவள். அவளுக்கு இந்த மௌனத்தில் பெரிய பிடிப்பில்லை. "உங்கட கோயில்ல ஒராள் அழுதால் பக்கத்தில இருக்கிற ஆள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டும். எங்கட சபையில எழும்பி வந்து கையைப் பிடிக்கும்" என்றாள். உண்மைதான், மறுக்க ஏலாது. கீபோட்டும் சத்தமும் என்று நாங்கள் பகிடி பண்ணுகிற அந்தக் கூட்டங்களில், சனம் பெயர் சொல்லி ஒருத்தருக்காக ஒருத்தர் செபிக்குது. ஆனால் அதே கூட்டத்தில், விசுவாசித்தால் மகன் வருவான் என்று ஒரு தாய்க்குச் சொல்லிவிட்டால், இத்தனை வருசம் அவன் வராததற்கு அவவின் விசுவாசம் காணாது என்றுதானே அர்த்தமாகும்? அவள் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் கன்ரீனில் வைத்து, "அதை நானும் யோசிச்சனான்" என்றாள்.

எங்கட பங்கிடம் நாங்கள் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு என்று ஒரு பகுதி இருக்கிறது. வழக்கத்தில் விட்டுப்போயிருந்த அந்தப் பொதுச் செபத்தை, 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திரும்பக் கொண்டுவந்தது. சனம் தங்கட காலத்துத் தேவைகளுக்காகச் சேர்ந்து மன்றாடத்தான். அதில் நாங்கள் இப்போது என்ன செய்கிறோம்? அச்சடித்த தாளிலிருந்து பாப்பரசர், ஆயர், நாட்டுத் தலைவர்கள், நோயாளர் என்று நாலு வாசிக்கிறோம். வாசிக்கிறது நாங்கள்தான், ஆகவே குற்றமும் எங்களுடையது. நாலாவதுக்குப் பிறகு ஒரு முழு நிமிசம் சும்மா விடுங்கள். மைக் வேண்டாம். சொல்ல விரும்புகிறவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு பெயரைச் சொல்லட்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் சில ஞாயிறு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம், இருமல் மட்டும் கேட்கும். பரவாயில்லை. சில பெயர்களைச் சத்தமாய்ச் சொல்லப் பயமாயிருக்கும், அதுவும் எங்களுக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கிற பெயருக்கும் அந்த ஒரு நிமிசம் காணும்.

இன்னொன்று, வாற கார்த்திகைக்கு மேசையில் மூன்றாவது பெட்டி. ஃபாதர் சரி என்றுவிட்டார். அதன் மேல் என்ன எழுதுகிறது என்று மன்றத்தில் இரண்டு கூட்டம் கதைத்தும் முடிவில்லை. 'காணாமற்போனோர்' என்றால் அவர்கள் தாங்களாய்ப் போனார்களா என்று ஒருத்தர் கேட்டார். 'காணாமலாக்கப்பட்டோர்' என்றால் அரசியல் என்றார் இன்னொருத்தர். கடைசியில் அன்ரியிடமே போய்க் கேட்டோம். தேத்தண்ணி தந்தா. கன நேரம் யோசித்தா.

"ஒண்டும் எழுதாதேங்கோ பிள்ளையள். போட வாறவைக்கு அது எந்தப் பெட்டி எண்டு தெரியும்."