கட்சி பார்த்து வீடு வாங்குகிறார்கள்!

வீடு வாங்கப் போகிறவர் தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார், பள்ளிக்கூடம் பக்கமா என்று பார்ப்பார், வேலைக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவார். அமெரிக்காவில் இப்போது இன்னொரு விசாரணையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. போன தேர்தலில் அந்த ஊர் யாருக்கு ஓட்டுப் போட்டது?

இதற்கென்றே வீட்டுத் தரகு நிறுவனமும் வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் குடியரசுக் கட்சி சார்பில் 2014, 2016 ஆகிய இரண்டு நாடாளுமன்றத் தேர்தல்களிலும் நின்று தோற்றவர் பால் சாபோ. குடும்பத்தோடு டெக்சாஸ் மாநிலத்தின் மெக்கின்னி நகருக்குக் குடிபெயர்ந்த அவர், 2017ல் ‘கன்சர்வேட்டிவ் மூவ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜனநாயகக் கட்சி கோலோச்சும் ‘நீல’ மாநிலங்களில் மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் குடும்பங்களுக்கு, குடியரசுக் கட்சியின் ‘சிவப்பு’ மாநிலங்களில் வீடு பிடித்துக் கொடுப்பதுதான் அதன் தொழில். சாமானியர்கள் மட்டும் என்றில்லை. தன் ஸ்பேஸ்எக்ஸ், எக்ஸ் நிறுவனங்களின் தலைமையகங்களை டெக்சாஸுக்கு மாற்றப்போவதாக 2024 ஜூலையில் அறிவித்த எலான் மஸ்க், மாணவர்களின் பாலின அடையாளம் குறித்துக் கலிஃபோர்னியா கொண்டுவந்த ஒரு சட்டத்தையே அதற்குக் காரணமாகச் சொன்னார்.

போக்குவரத்து ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை. கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாகக் காத்துவந்த தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் கடுமையான தடைச் சட்டம் அமலான மாநிலங்களில் ஐடஹோவும் ஒன்று. அதன் வடக்கே சாண்ட்பாயின்ட் என்ற சிற்றூர். அங்குள்ள மருத்துவமனை இனிப் பிரசவம் பார்ப்பதில்லை என்று 2023ல் அறிவித்தது. டாக்டர்கள் வெளியேறுவதையும், மாநிலத்தின் சட்ட, அரசியல் சூழலையும் காரணங்களாகக் குறிப்பிட்டது. இதே பகுதியைத்தான் 2011ல் ஜேம்ஸ் வெஸ்லி ராவல்ஸ் என்ற எழுத்தாளர், பழமைவாதக் கிறிஸ்தவர்களுக்கான கோட்டையாக அறிவித்து, வந்து குடியேறுங்கள் என்று அழைப்பு விடுத்திருந்தார். ஒரு கூட்டம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் இடத்திலிருந்து மகப்பேறு மருத்துவர்கள் மூட்டை கட்டுகிறார்கள்.

கொள்கைக்காக ஊர்விட்டு ஊர் போவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1620ல் பிளிமத்தில் கரையிறங்கியவர்கள் தங்கள் வழிபாட்டு முறைக்காகக் கடல் கடந்தவர்கள். 1847ல் மார்மன்கள் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு நடந்ததும், 1879ல் தெற்கின் வன்முறைக்கு அஞ்சிக் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் கான்சஸ் நோக்கிப் போனதும் அதே வரலாற்றின் பக்கங்கள்தான். ஆனால் அவர்கள் உயிருக்கும் மானத்துக்கும் பயந்து ஓடியவர்கள். பக்கத்து வீட்டு வாசலில் எதிர்க்கட்சி வேட்பாளரின் பெயர்ப் பலகை நட்டிருக்கிறது என்பதற்காக வீட்டை விற்றுவிட்டுப் போகிறவரை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

இந்தப் பிரிவினையின் அளவைப் பத்திரிகையாளர் பில் பிஷப் 2008ல் ‘தி பிக் சார்ட்’ என்ற நூலில் எடுத்துக் காட்டினார். அதிபர் தேர்தலில் ஒரு கட்சி 20 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் முந்தும் கவுண்டிகளை (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுகள்) அவர் கணக்கெடுத்தார். 1976ல் சுமார் நான்கில் ஒரு வாக்காளர்தான் அப்படிப்பட்ட கவுண்டியில் வசித்தார். 2004ல் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வசித்தார்கள்.

எல்லோரும் கட்சி பார்த்துத்தான் போனார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வேலை, வாடகை, உறவு இவையே இன்றும் இடமாற்றத்தின் முதல் காரணங்கள். கட்சி மாறிய பழைய வாக்காளர்களும், புதிதாக ஓட்டுரிமை பெற்ற இளைஞர்களுமே வரைபடத்தின் நிறத்தைப் பெரிதும் மாற்றினார்கள் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் வாழ்க்கை முறைக்குள்ளேயே கட்சி ஒளிந்திருக்கிறது. பியூ ஆய்வு மையம் 2014ல் நடத்திய கருத்துக் கணிப்பில், தீவிர தாராளவாதிகளில் 77 சதவீதம் பேர், வீடு சிறிதானாலும் கடைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும் என்றார்கள். தீவிர பழமைவாதிகளில் 75 சதவீதம் பேர், கடை கண்ணி மைல் கணக்கில் தள்ளி இருந்தாலும் பெரிய வீடும் தாராளமான இடமும் வேண்டும் என்றார்கள். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி அண்டை வீட்டாரையும் தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

ஒத்த கருத்துக்காரர்கள் ஒரே ஊரில் இருந்தால் சண்டை சச்சரவு இருக்காதே, நல்லதுதானே என்று கேட்கலாம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது.

2001ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜேசன் சோரன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். வரியும் அரசுத் தலையீடும் குறைய வேண்டும் என்று நினைப்பவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதால் எங்கும் ஜெயிக்க முடியவில்லை. 20,000 பேர் ஒரே சிறிய மாநிலத்தில் குடியேறினால் அதன் சட்டங்களையே மாற்றிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. 2003ல் வாக்கெடுப்பு நடத்தி நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை. சுமார் 14 லட்சம் பேர் வாழும் மாநிலத்தின் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆண்டுச் சம்பளம் வெறும் 100 டாலர். தெருத் தெருவாக நடந்தே பிரசாரத்தை முடித்துவிடலாம். 20,000 பேரின் கையெழுத்து 2016ல் சேர்ந்தது. உண்மையில் வந்து குடியேறியவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களிலும் பலர் சட்டமன்றத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

இந்த இயக்கத்தைச் சேர்ந்த சிலர் 2004ல் கிராஃப்டன் என்ற ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரைத் தங்கள் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர்கள் ஊர்க்கூட்டத்தில் செலவுகளுக்கு எதிராக வாக்களித்தார்கள். காட்டோரம் கூடாரங்களும் தகர வண்டிகளும் முளைத்தன. குப்பை கண்டபடி கிடந்தது. கரடிக்குத் தீனி போட்டவர்களும் இருந்தார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை. 2012ல் ஒரு பெண்ணை அவர் வீட்டிலேயே கரடி தாக்கியது. இந்தக் கதையைப் பத்திரிகையாளர் மாத்யூ ஹாங்கோல்ட்ஸ்-ஹெட்லிங் 2020ல் புத்தகமாகவே எழுதினார்.

அதே மாநிலத்தின் கிராய்டன் ஊரில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. மக்கள் தொகை 800 அளவில். 2022 மார்ச்சில் ஆண்டுக் கூட்டம் கூடியபோது வந்திருந்தவர்கள் ஒரு கைப்பிடிப் பேர். குடியேறிகள் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்து, பள்ளிக் கல்விக்கான 17 லட்சம் டாலர் பட்ஜெட்டை 8 லட்சமாக வெட்டத் தீர்மானம் கொண்டுவந்தார். 20க்கு 14 என்ற கணக்கில் அது நிறைவேறியது. மறுநாள்தான் ஊர் விழித்தது. முடிவை மாற்றச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம்; ஆனால் பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேர், அதாவது 283 பேர், நேரில் வந்தாக வேண்டும். இடது வலது பார்க்காமல் பெற்றோரும் பெரியவர்களும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். மே 7 அன்று 379 பேர் வந்தார்கள். வெட்டிய பட்ஜெட் திரும்ப வந்தது. ஆதரவு 377, எதிர்ப்பு 2.

ஒரே கருத்துக்காரர்கள் மட்டும் கூடிப் பேசினால் என்ன ஆகும் என்பதைக் கொலராடோவில் 2005ல் சோதித்தே பார்த்தார்கள். சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் தாராளவாதிகள் நிறைந்த போல்டர் நகரத்தாரைத் தனியாகவும், பழமைவாதிகள் நிறைந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தாரைத் தனியாகவும் சிறு குழுக்களாக உட்காரவைத்துப் பருவநிலை, இடஒதுக்கீடு, ஒருபாலினத்தவர் இணைவு ஆகியவை பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோது தாராளவாதிகள் இன்னும் இடப்பக்கமும், பழமைவாதிகள் இன்னும் வலப்பக்கமும் நகர்ந்திருந்தார்கள். குழுவுக்குள் முதலில் இருந்த சின்னச் சின்னக் கருத்து வேறுபாடுகளும் கரைந்துபோயிருந்தன.

இது ஆட்சியையும் பாதிக்கிறது. 435 இடங்கள் கொண்ட பிரதிநிதிகள் சபையில் சுமார் பத்தில் ஒரு இடத்தில்தான் இன்று இழுபறிப் போட்டி. மற்ற இடங்களில் யார் உறுப்பினர் என்பதைச் சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலே முடிவு செய்துவிடுகிறது. எதிர்த்தரப்பு வாக்காளரிடம் ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமில்லாத அரசியல்வாதி, அவருடன் சமரசம் பேச வேண்டிய அவசியமும் இல்லாதவர். இதன் அடுத்த கட்டமும் தொடங்கிவிட்டது. ஓரிகன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 13 கவுண்டிகளின் வாக்காளர்கள் 2024க்குள், தங்களை ஐடஹோவோடு இணைக்கும் யோசனைக்குச் சாதகமாக வாக்களித்திருக்கிறார்கள். ஆள் இடம்பெயர்வது போய், எல்லைக்கோட்டையே இடம்பெயர்க்கக் கேட்கிறார்கள்.

தன் உடல்மீதோ குழந்தைமீதோ சட்டம் கைவைக்கும்போது ஊர் மாறுகிறவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அப்படி ஊர் மாறும் வசதியும்கூட, விற்க ஒரு வீடும் வேறிடத்தில் ஒரு வேலையும் உள்ளவருக்கே வாய்க்கிறது. வாடகை வீட்டுக்காரரும் தினக்கூலியும் இருக்கும் இடத்தின் சட்டத்தோடுதான் வாழ்ந்தாக வேண்டும்.

டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். மாநிலங்களின் நிறத்தை நம்பி ஊர் தேடும் முன் அவர்கள் 2020 அதிபர் தேர்தல் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. டொனால்ட் டிரம்புக்கு மிக அதிக வாக்குகள் விழுந்த மாநிலம் டெக்சாஸ் அல்ல, 60 லட்சம் வாக்குகள் தந்த ‘நீல’ கலிஃபோர்னியாதான். ஜோ பைடனுக்கு நியூயார்க்கில் கிடைத்ததைவிடக் கூடுதல் வாக்குகள் ‘சிவப்பு’ டெக்சாஸில் விழுந்தன.